கொட்டாப்புளியும் மூன்று செவிகளும்

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், திங்கட்கிழமை. கத்திரி வெயில் முடிந்துவிட்டதென்று நாட்காட்டி அறிவித்திருந்தது; விழுப்புரத்து வெயில் அவ்வறிவிப்பைப் படிக்கவில்லை. காலை பத்து மணிக்கே தார்ச்சாலை செருப்பைப் பிடித்திழுத்தது. காற்று மருந்துக்கும் இல்லை. வடக்கே செஞ்சிப் பக்கத்தில் மட்டும் ஒரு கருமேகம், மனுக் கொடுக்க வந்தவனைப் போல ஒதுங்கி நின்றது.

அவ்வேளையில், திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கும் சின்னப்பராஜ், தம் மனைவி இருதயசெல்வியுடன் விசாரணை அதிகாரி பச்சைமுத்துவின் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். மேசையின் மீது அவர்களுடைய மகன் அந்தோணி பிரபுவின் மடிக்கணினி இருந்தது. அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டி அது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடுவது.

அம்மகனோ பின்கட்டில் கம்பிக்குள் இருந்தான். அவன் செய்த குற்றம் யாதெனில், கூட்டேரிப்பட்டுக்கு அருகிலுள்ள அவர்கள் ஊரில், சிற்றாலயத்துக்குச் செல்லும் பாதையை வேலியடைத்த டிராக்டர் முதலாளி விருத்தாசலத்தை நோக்கி, "ஏன் அடைத்தீர்கள்?" என்று கேட்டதாகும். விருத்தாசலம் ஆட்களோடு வீடு புகுந்து அவனை அடித்தார். அடித்துவிட்டு, அவனே தம்மைக் கத்தியால் கிழித்தான் என்று புகார் கொடுத்தார். ஆனால், தாம் வீடு புகுந்த வேளையில் அந்தோணி பிரபு திருவிழாவுக்காக ஒரு பாட்டைப் பாடி மடிக்கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தான் என்பதை அவர் அறியார். பாட்டுக்குப் பின்னால் அடியும், அடிக்குப் பின்னால் அவர் பேசிய பேச்சும் அப்பெட்டிக்குள் அப்படியே விழுந்துவிட்டன.

பச்சைமுத்து பதிவை ஓடவிட்டார். பெட்டி பேசியது. எறும்பு தன் மனைவியிடம் குறைகூறுவது போல ஏதோ ஒன்று உள்ளிருந்து வந்தது. மேலே சுழன்ற மின்விசிறி அதையும் விழுங்கிவிட்டது.

"கேக்கல," என்றார் பச்சைமுத்து.

"ஹெட்போனு மாட்டிக் கேளுங்க சார். கணீர்னு கேக்கும். எம் புள்ள எப்பவும் அப்படித்தான் கேப்பான்," என்றாள் இருதயசெல்வி.

பச்சைமுத்து நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். "அம்மா! காதில் ஒயரை மாட்டிக் கேட்பதற்கு ஒட்டுக்கேட்டல் என்று பெயர். இந்த அலுவலகம் ஒட்டுக்கேட்காது. வெளியே ஒரு ஒலிபெருக்கியைப் பூட்டலாம் என்பீர்கள். அப்போது சாட்சி சொல்வது ஒலிபெருக்கி, பெட்டியன்று. பெட்டி தன் சொந்த வாயால் பேச வேண்டும். பக்கத்துக் கட்டடம் மாவட்ட ஒலியெழுப்பு மையம். மாலை ஐந்து மணிக்குள் இதன் வாயைத் திறந்துகொண்டு வாருங்கள். இல்லையேல் பையன் கடலூர்ச் சிறைக்குப் போவான்."

இவ்வாறு கூறி, பெட்டியை ஒரு துணிப்பையிலிட்டு, அரக்கு வைத்து முத்திரையிட்டார். மையத்தாரைத் தவிர வேறெவரும் அதைத் திறக்கலாகாது என்றும் எச்சரித்தார்.

வெளியே வந்ததும் சின்னப்பராஜ் தலையைச் சொறிந்தார். "இன்னா மே, இவ்ளோ பேஜாரா இருக்குது?"

"பேஜாரு இன்னாய்யா பேஜாரு. நேத்து பாக்கப் போனப்பவே புள்ள மருந்து சொல்லிட்டான்." இருதயசெல்வி முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். முன்கையில், பேனாவால், ஒன்பது ஆங்கில எழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. காகிதம் கொண்டுசெல்லக் காவலர் விடாமையால் மகன் தாயின் கையிலேயே எழுதியிருந்தான். "வெளிய தெரியற சத்தக் கோடு நூறுல நிக்கிதாம். அதுக்கு உள்ளாற இன்னொரு கோடு கீழ கெடக்குதாம். கறுப்புத் தெரையத் தொறந்து இந்த எழுத்தத் தட்டினா கம்பம் கம்பமா வருமாம். அதுல ஸ்பீக்கருன்னு போட்ட கம்பத்துக்கு நகந்து, மேல் அம்ப அமுக்கிக்கினே இருந்தா ஏறிடுமாம். வெத்தல போடற நேரம்கூட ஆகாதாம்."

"அப்ப ஜல்தியா சொல்லிட்டு வந்துடலாம்," என்றார் சின்னப்பராஜ். அவர் அரசு அலுவலகத்துக்கு அதிகம் போகாதவர்.

நிற்க. மாவட்ட ஒலியெழுப்பு மையத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் தகும். முன்னொரு காலத்தில் ஊராட்சிதோறும் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அது வாயடைத்துப் போகும்போதெல்லாம் பழுதுநீக்கும் பிரிவினர் வந்து, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் அதன் மண்டையில் அடிப்பர், அது பாடும். 1993இல் வானொலிப் பெட்டிகள் ஒழிந்தன, பிரிவு ஒழியவில்லை. பெட்டியற்ற பிரிவு பல்லாண்டுகள் சம்பளம் மட்டும் வாங்கி வாழ்ந்தது. பின்னர் அரசு மடிக்கணினிகள் வந்தன. அவற்றுள் சில சன்னமாகப் பேசின. உடனே பிரிவு மையமாயிற்று, பெயர்ப்பலகை மாறிற்று, கொட்டாப்புளி மாறவில்லை.

அம்மையத்தில் மூன்று அதிகாரிகள் இருந்தனர். இயக்குநர் மாசிலாமணி முதற்செவி, இருதயராஜ் இரண்டாஞ்செவி, அம்சா மூன்றாஞ்செவி. அம்சா எந்நேரமும் தம் கைப்பேசியின் ஒயரைக் காதில் செருகியிருப்பார். ஆகையால் மையத்தின் மிக நடுநிலையான செவி அவருடையது என்று பாராட்டப்பட்டிருந்தார்.

வாயிலில் நின்ற காவலாளி சின்னப்பராஜின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். சின்னப்பராஜ் படியில் விழுந்தார்.

"இன்னாத்துக்குடா தள்ற?" என்று இருதயசெல்வி சீறினாள்.

"உள்ளாற வர்றவங்க சத்தம் போடுவாங்களா மாட்டாங்களான்னு பாக்கணும் இல்ல? சத்தம் போடாம விழுந்தாரு. நல்ல மனுசன். போங்க."

கூடத்தில் மனுதாரர் பலர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தனர். அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் இருமினார். காவலாளி ஓடிவந்து, "அமைதி!" என்று சுவர் அதிரக் கத்தி, அவர் முதுகில் தடியால் ஒன்று போட்டான். பெரியவர் "ஐயோ" என்றார். அதற்கு இன்னொன்று விழுந்தது. அவருடைய மகன் எழுந்து காவலாளியின் சட்டையைப் பிடித்தான்; காவலாளி அவன் பல்லைப் பெயர்த்தான். அதன்பின் அக்கூடத்தில் நிலவிய அமைதி மெய்யாகவே பாராட்டத்தக்கது.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் சின்னப்பராஜின் முறை வந்தது. மாசிலாமணி அரக்கைத் தம் கையாலேயே உடைத்தார். அம்சா பதிவைத் திரும்பத் திரும்ப ஓடும்படி ஓடவிட்டார். பெட்டி முணுமுணுத்தது.

"சார், எம் புள்ள சொன்னான்," என்று சின்னப்பராஜ் கைகட்டித் தொடங்கினார். "கறுப்புத் தெரையத் தொறந்து—"

"பொதுமக்கள் நோயைச் சொல்லலாம், மருந்தைச் சொல்லலாகாது," என்றார் மாசிலாமணி. "முதலில் ஒரு கேள்வி. பெட்டி மெதுவாகப் பேசுகிறதா, அல்லது உன் காது மந்தமா? காது மந்தமாக இருந்துகொண்டு அரசுப் பெட்டியின்மேல் பழிபோடுவோர் இம்மாவட்டத்தில் ஏராளம். ஆகவே செவித்தேர்வு. இரண்டாஞ்செவி அவர்களே!"

இருதயராஜ் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து, சின்னப்பராஜின் இடக்காதின்மேல் ஓர் அறை விட்டார். சுவரிலிருந்த பல்லி இடம்மாறியது.

"கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

"இன்னா கேட்டுது?"

சின்னப்பராஜ் யோசித்தார். "கொய்ங்னு கேக்குதுங்க."

"நாங்கள் எழுப்பிய ஓசை 'பளார்'. இவர் கேட்டது 'கொய்ங்'. பொருந்தவில்லை," என்றார் மாசிலாமணி. "மறுதேர்வு."

மறுதேர்வும் அதே காதில் நிகழ்ந்தது. அதற்கடுத்த தேர்வில் சின்னப்பராஜ், அடி விழுவதற்கு முன்பே, "பளாருங்க! பளாரு!" என்று கூவித் தேர்ச்சி பெற்றார். அவர் காதிலிருந்து ஓர் இரத்தக் கோடு கழுத்துக்கு இறங்கிற்று.

"ஆம்பள காதுலயே ரத்தம் வர வெச்சிட்டு, இதுக்குப் பேரு பரிச்சையாய்யா? ஒங்க கை முறிஞ்சி போவ!" என்று இருதயசெல்வி பாய்ந்தாள். அம்சா அவளுடைய கொண்டையைப் பற்றிச் சுவரோரம் தள்ளினார். ஒயரைக் காதிலிருந்து எடுக்காமலேயே தள்ளினார்.

"இனி மருத்துவம்," என்றார் மாசிலாமணி. சிவப்புத் துணியில் சுற்றியிருந்த கொட்டாப்புளி கொண்டுவரப்பட்டது. அதன் பிடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதற்கு ஓர் எலுமிச்சம்பழம் அறுக்கப்படுவதாகப் பின்னர்த் தெரியவந்தது.

"பெட்டியை மேசையில் வைத்து அடித்தால் மேசை பழுதாகும். மேசை அரசுடைமை. ஆகவே மனுதாரர் பெட்டியை நெஞ்சோடு அணைத்து நிற்க வேண்டும்."

சின்னப்பராஜ் அணைத்து நின்றார். வாழ்நாளெல்லாம் மல்லாட்டை மூட்டையைத் தாங்கிய நெஞ்சு அது. மாசிலாமணி மூச்சை இழுத்துப்பிடித்து ஓங்கி அடித்தார். பெட்டியின் மூடியில் ஒரு பள்ளம் விழுந்தது. சின்னப்பராஜின் விலாவில் ஏதோ ஒன்று ஒடிந்தது. பெட்டியிலிருந்து ஓசை உயரவில்லை. சின்னப்பராஜிடமிருந்து உயர்ந்தது.

"பாருங்கள், முன்னேற்றம் தெரிகிறது," என்றார் மாசிலாமணி.

"அது நானுங்க சார்," என்று முனகினார் சின்னப்பராஜ்.

"சார்! கையெடுத்துக் கும்புடறேன் சார்!" இருதயசெல்வி கையை நீட்டி எழுத்துகளைக் காட்டினாள். "இத மட்டும் தட்டுங்க. அடிக்கவே வேணாம். உள்ளாற ஒரு கம்பம் கீழ கெடக்குது, அத மேல ஏத்தினாப் போதும். மணி நாலாவுது சார், என் புள்ளய அனுப்பிடுவாங்க!"

மாசிலாமணி அவளைக் கனிவோடு நோக்கினார்.

"அம்மா, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். அதுதான் ஆபத்து. பொத்தானைத் தட்டினால் பெட்டி பேசுமென்று நாளைக்கு ஊர் அறிந்தால், இந்தக் கட்டடம் எதற்கு? இந்தக் காவலாளி எதற்கு? மூன்று செவிகள் எதற்கு? இருபது ஆண்டுகளாக நான் ஒரு பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. பார்க்காமல் அடித்தே இயக்குநரானேன். உள்ளே பார்ப்பவன் சந்தேகப்படுகிறான். சந்தேகப்படுபவன் கை தளர்கிறது. அரசின் கை தளரலாகாது."

"கை தளந்துதான் போச்சி," என்றார் இருதயராஜ் திடீரென்று. "ஒங்க அடியில வலுவே இல்ல. கொட்டாப்புளிய என்கிட்ட குடுங்கன்னு எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கேன்?"

"இரண்டாஞ்செவி கொட்டாப்புளியைத் தொடலாகாது."

"நீ தூக்கி வெச்சிக்கினு இருந்தா நான் இன்னாத்த அடிக்கறது? மனுசன் கன்னத்தயே அடிச்சிக்கினு கெடக்கணுமா?"

இவ்வாறு கூறி இருதயராஜ் கொட்டாப்புளியின் பிடியைப் பற்றினார். மாசிலாமணி அவர் மணிக்கட்டைக் கடித்தார். இருதயராஜ் முழங்காலால் இயக்குநரின் அடிவயிற்றில் இடித்தார். இருவரும் கட்டிப்புரண்டு நாற்காலிகளை உருட்டினர். சண்டையை விலக்கப் புகுந்த காவலாளியின் தடி, விலக்குவதற்கு முன் இருவருக்கும் சமமாகப் படியளந்தது. அம்சா ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அனைவர்மீதும் எறிந்தார். குடம் பித்தளை. காவலாளி சாய்ந்தான்.

அத்தருணத்தில் இருதயசெல்வி பெட்டியைக் கணவரின் நெஞ்சிலிருந்து பிடுங்கி அரசு மேசையின்மீதே வைத்தாள். மகன் காட்டியபடி மூன்று பொத்தான்களை ஒருசேர அமுக்கினாள். கறுப்புத் திரை வந்தது. அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியே அறிவாள். கையைப் பார்த்தாள், பொத்தானைத் தேடினாள். கையைப் பார்த்தாள், பொத்தானைத் தேடினாள். தலைக்குமேல் ஒரு நாற்காலி பறந்தது. வியர்வையில் கடைசி இரண்டு எழுத்துகள் ஊறிக் கலைந்திருந்தன.

"ஏன்யா, இது ஈயா, எஃபா?"

"எனக்கு இன்னா மே தெரியும்? கொட்டாப்புளி வருது, குனி!"

அவள் குனிந்தாள். கொட்டாப்புளி மேலே போயிற்று. மீண்டும் நிமிர்ந்து 'ஈ' என்றே முடிவுசெய்து, பின் இறுதி எழுத்தையும் எண்டர் பொத்தானையும் தட்டினாள். திரையில் கம்பங்கள் எழுந்தன. எல்லாம் உச்சியில் நிற்க, ஒரு கம்பம் மட்டும் அடியில் பதுங்கிக் கிடந்தது. அவள் அதனிடம் நகர்ந்தாள். மேல் அம்பை அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அதே நொடியில் மாசிலாமணி ஓங்கிய கொட்டாப்புளி இருதயராஜின் தோளில் இறங்கிற்று.

பெட்டி பாடியது!

அந்தோணி பிரபுவின் குரல் கூடமெங்கும் கணீரென்று நிறைந்தது. தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். புரண்டுகொண்டிருந்த அதிகாரிகள் உறைந்தனர். மாசிலாமணி கொட்டாப்புளியைப் பார்த்தார், இருதயராஜின் தோளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அவர் கண்களில் நீர் திரண்டது.

"வேலை செய்தது! இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அடி வேலை செய்தது! கூம்பைப் போடுங்கள்!"

வானொலிக் காலத்திலிருந்தே அம்மையத்துக்கு ஒரு மரபு உண்டு. பழுது நீங்கிய பெட்டி பேசும் முதற்பேச்சை, மூன்று செவிகளும் கேட்டபடியே சொல் பிசகாமல், கூரையின்மேல் உள்ள கூம்பு ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஊரார் அறிவதற்காக. கடைசியாக அது நிகழ்ந்தபோது வானொலி நெல் விலையைச் சொல்லியிருந்தது.

பாட்டு முடிந்தது. பெட்டிக்குள் கதவு உடையும் ஓசை கேட்டது. மாசிலாமணி ஒலிவாங்கியைப் பற்றி, செய்தி வாசிக்கும் குரலில், பெட்டி சொல்லச்சொல்லத் தொடர்ந்தார்:

"'அடிங்கடா அவன!' என்கிறது பெட்டி. 'விருத்தாசலத்தயே கேள்வி கேக்கறியா?' என்கிறது. 'எடுடா அந்தக் கத்திய. என் கைய நானே கொஞ்சம் கிழிச்சிக்கறேன். இவன்தான் கிழிச்சான்னு நாளைக்கி கேஸ் குடுக்கறேன். எவன் கேப்பான்?' என்கிறது. முதற்செவி கேட்டது!"

"இரண்டாஞ்செவி கேட்டது," என்று இருதயராஜ் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் திருப்பிச் சொன்னார். அம்சா முதன்முறையாக ஒயரைக் காதிலிருந்து உருவிவிட்டு மூன்றாவதாகச் சொன்னார்.

பக்கத்துக் கட்டடத்தின் சன்னலோரம் பச்சைமுத்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில், கையில் கட்டோடு, ஐந்து மணியை எதிர்நோக்கி விருத்தாசலம் அமர்ந்திருந்தார். தம் பேச்சைத் தாமே மூன்று முறை வானத்திலிருந்து கேட்கும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதன்று. அவர் எழுந்து ஓடினார்.

ஓடிவந்த வேகத்தில் மையத்தின் கதவை உதைத்துத் திறந்தார். ஒலிவாங்கியைப் பிடுங்கி, அதனாலேயே மாசிலாமணியின் மூக்கில் இடித்தார். "எவன்டா என் பேர மைக்ல சொன்னவன்?" என்று கர்ச்சித்து, தரையில் கிடந்த கொட்டாப்புளியை எடுத்தார். சின்னப்பராஜ் ஒடிந்த விலாவோடு குறுக்கே விழுந்து தடுத்தார். விருத்தாசலம் அவரை மிதித்துத் தாண்டி, கட்டுப்போட்ட கையாலேயே பெட்டியை அடித்தார், அடித்தார், திரை சிதறி, பொத்தான்கள் பல்லைப்போல் உதிர்ந்து, பாட்டு நின்று, புகை எழும்வரை அடித்தார்.

"அரசுக் கொட்டாப்புளியைத் தனியார் பயன்படுத்துவதா!" என்று மாசிலாமணி மூக்கில் இரத்தம் வழிய அலறினார்.

பச்சைமுத்து நிதானமாக உள்ளே வந்தார். நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தார். "பெட்டி தன் சொந்த வாயால் பேசினால்தான் செல்லுமென்று சொல்லியிருந்தேன். பெட்டிக்கு இப்போது வாய் இல்லை."

இருதயசெல்வி தரையில் அமர்ந்து உதிர்ந்த பொத்தான்களை முந்தானையில் பொறுக்கினாள். அவள் அழவில்லை. "பேசிச்சி சார். மூணு பேரும் கேட்டாங்க. கேளுங்க அவங்கள," என்றாள்.

அம்சா இயக்குநரின் அருகே குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணே, நாம ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிடலாம். ஆளு பெரிய எடம்."

"கேக்கலன்னா பெட்டி பேசலன்னு ஆயிடும்," என்றார் மாசிலாமணி, துணியால் மூக்கை அடைத்துக்கொண்டு. "பெட்டி பேசலன்னா கொட்டாப்புளி வேலை செய்யலன்னு ஆயிடுமே, அம்சா!"

அவர் எழுந்து நின்றார். இடுப்பு வேட்டியைச் சரிசெய்தார். "நாங்கள் கேட்டோம்! எங்கள் அடியால் பெட்டி பேசிற்று. ஒவ்வொரு சொல்லையும் எந்த மன்றத்திலும் சொல்வோம்!"

பச்சைமுத்து நொறுங்கிய பெட்டியைக் காலால் ஒதுக்கினார். "பெட்டி சொன்னால் அது வெறும் சாட்சி. அதை ஆராய வேண்டும். மூன்று அதிகாரிகள் கூம்பில் சொன்னால் அதை ஆராய எனக்கு அதிகாரமில்லை," என்று கூறி, விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினார். "கட்டை அவிழ்த்துக் கையைக் காட்டுங்கள்."

விருத்தாசலம் காட்டவில்லை, பச்சைமுத்துவின் தாடையில் ஒரு குத்து விட்டார். அதனால் வழக்கு மேலும் தெளிவாயிற்று. மயக்கம் தெளிந்த காவலாளி அவர் கால்களைக் கட்டிப்பிடிக்க, இருதயராஜ் பளார் பளாரென்று இரு செவித்தேர்வுகளை நிகழ்த்தினார். பின்னர் விருத்தாசலத்தைப் பக்கத்துக் கட்டடத்தின் பின்கட்டுக்கு இழுத்துச் சென்றனர். அந்தோணி பிரபு நின்றிருந்த கம்பிக்குள் அவர் போனார். அவன் வெளியே வந்தான்.

வெளியே, காலையிலிருந்து ஒதுங்கி நின்ற கருமேகம் ஒருவழியாக உள்ளே விடப்பட்டு, பெருந்துளிகளாய் இறங்கத் தொடங்கியிருந்தது. மையத்தின் படியில் சின்னப்பராஜ் விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகன் முற்றத்தைத் தாண்டி, உதடு வீங்கிய முகத்தோடு வந்தான். வந்து அவருடைய இடப்பக்கத்தில் குந்தினான்.

"அப்பா."

சின்னப்பராஜ் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! நான்தாம்பா வந்திருக்கேன், எங்க பாக்கற?"

இருதயசெல்விதான் கணவரின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். மகனைக் கண்டதும் அவர் கண் கலங்கிற்று. அவன் உதடுகள் அசைவதை உற்றுநோக்கினார். பின்பு மெல்லத் தம் வலக்காதை அவன் பக்கமாகக் கொண்டுவந்தார்.

"இந்தப் பக்கமா கூப்புடுப்பா. அந்தப் பக்கம் சத்தம் ரொம்ப கம்மியா வருது."

அந்தோணி பிரபு தாயைப் பார்த்தான். தாய் முந்தானை முடிச்சை இறுக்கினாள். உள்ளே பொத்தான்கள் கலகலத்தன. மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தனர்.

அப்போது பின்னாலிருந்து மாசிலாமணியின் குரல் வந்தது. மூக்கில் பஞ்சும், முகத்தில் வெற்றியும், கையில் துடைத்துப் பொட்டிட்ட கொட்டாப்புளியுமாக அவர் படியில் நின்றிருந்தார்.

"என்னப்பா, காது கேக்கலியா? சத்தம் கம்மியா? அட, அதுக்குத்தானே நாங்க இருக்கோம். உள்ள வா."

மூவரும் மழையில் ஓடத் தொடங்கினர். அப்போது மணி சரியாக மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.